இடம் பெற்ற குறியும் எழுதப்பெறும் குறியும்

ஒரு மக்களினம் தன் காலில் நிற்கிறதா, பிறர் தோளில் தொங்குகிறதா என்பதை அறிய அதன் பணத்தாளைப் பார்த்தாலே போதும். தாளில் எவன் எழுத்து பெரிதாக நிற்கிறதோ அவன் ஆள்கிறான்; எவன் எழுத்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறதோ அவன் ஆளப்படுகிறான். சோவியத்து ஒன்றியத்தின் உரூபிள் தாளில் உருசிய எழுத்து நடுவிடத்தில் நிமிர்ந்து நின்றது. ஏனைய குடியரசுகளின் மொழிகளிலெல்லாம் அத்தாளின் மதிப்பு சிறு சிறு வரிகளாக ஓரத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. அவ்வரிகளுள் ஒன்று ஆர்மீனியம்.

அந்தச் சிறுவரியிலிருந்து எழுந்து, தனக்கெனப் பணமும், பணத்திற்கெனப் பெயரும், பெயருக்கெனக் குறியும், குறிக்கெனக் கணிப்பொறியில் ஓர் இடமும் பெற்ற ஆர்மீனியரின் வரலாறு, தம் மொழியைப் போற்றும் எவரும் ஊன்றிப் படிக்கத் தக்கது. அவ்வரலாற்றில் வெற்றியும் உண்டு. அவ்வெற்றியை அரைகுறையாக்கும் சோர்வும் உண்டு. இரண்டும் தமிழர்க்குப் படிப்பினையே.

ஆர்மீனியர் எண்ணிக்கையால் பெரிய இனத்தவர் அல்லர். காக்கேசிய மலைப்பகுதியில் உள்ள அவர்தம் குடியரசின் மக்கள்தொகை ஏறத்தாழ 30 இலக்கமே. பாரசீகர், பைசாந்தியர், அரபியர், துருக்கியர், உருசியர் என ஒருவர் பின் ஒருவராகப் பேரரசினர் அந்நிலத்தை மேய்ந்தனர். அத்தனை வேந்தரும் வந்து போன பின்னும் அவ்வினம் கரைந்து போகாமைக்குத் தலையாய கரணியம் அதன் எழுத்தேயாகும். கி.பி. 405-ஆம் ஆண்டளவில் மெசுரோப் மாசுதோத்சு என்னும் துறவி ஆர்மீனிய ஒலிகளுக்கு இயைய 36 எழுத்துகளை வகுத்தளித்தார். அவற்றை ஒன்பது ஒன்பதாக நான்கு வரிசையில் நிறுத்தினால் முதல் வரிசை ஒன்றுகளையும், இரண்டாவது பத்துகளையும், மூன்றாவது நூறுகளையும், நான்காவது ஆயிரங்களையும் குறிக்கும். எழுத்தே எண்ணாகவும் நின்றது. பிற்காலத்தில் இரண்டு எழுத்துகள் சேர்ந்தன. மற்றபடி ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக அம்மக்கள் அவ்வெழுத்தை விட்டாரல்லர்.

அவ்வெழுத்தை அவர்கள் சென்றவிடமெல்லாம் சுமந்து சென்றனர் என்பதற்குச் சான்று தமிழ் மண்ணிலேயே உண்டு. ஆர்மீனிய மொழியில் உலகில் முதன்முதலாக வெளிவந்த இதழ் 'அசுதரார்' ஆகும். அது வெளிவந்த ஊர் சென்னை. வெளிவந்த ஆண்டு 1794. அதனை நடத்தியவர் ஆருத்தியூன் சுமாவோனியன் என்னும் ஆர்மீனியக் குரு. ஆர்மீனியர் வாழ்ந்த தெரு மக்கள் நாவில் திரிந்து 'அரண்மனைக்காரன் தெரு' ஆயிற்று. அவர்கள் 1772-இல் எழுப்பிய கோயில் இன்றும் அத்தெருவில் நிற்கிறது. பிறந்த மண்ணில் ஆட்சியில்லை. புகுந்த மண்ணில் உறவில்லை. ஆயினும் தம் எழுத்தை ஈயத்தில் வார்த்து அச்சுக் கோத்தனர். வணிகத்தின் பொருட்டு வந்த ஒரு சிறு கூட்டம், வந்த இடத்து மொழியிலோ ஆள்வோர் மொழியிலோ எழுதிக்கொண்டு போயிருக்கலாம். அவ்வாறு செய்யாமையாலேயே அது ஓர் இனமாக நிலைத்தது.

அத்தகைய மக்கள் 1991 செப்தம்பர் 21-ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில் விடுதலைக்கு வாக்களித்தனர். இரண்டே ஆண்டுகளில், 1993 நவம்பர் 22-ஆம் நாள், உரூபிளை ஒதுக்கிவிட்டுத் 'திராம்' என்னும் தம் பணத்தை வழக்கிற்குக் கொணர்ந்தனர். 200 உரூபிளுக்கு ஒரு திராம் என மாற்றப்பட்டது. ஒரு திராம் நூறு 'இலூமா' ஆகும். திராம் என்னும் பெயரின் வேர் கிரேக்கத் 'திராக்மா'வில் உள்ளது. ஆயினும் அது நேற்று இரவல் வாங்கப்பட்ட சொல் அன்று. நடுக்காலத்தில் சிலீசிய ஆர்மீனிய அரசர் அடித்த வெள்ளிக் காசுக்கும் அதுவே பெயர். ஆர்மீனியர் பேச்சில் 'பணம்' என்பதற்கே அது பொதுச்சொல். விடுதலை பெற்ற அரசு தன் பணத்திற்குப் பெயர் தேடி அயலாரிடம் போகவில்லை; தன் மக்கள் வாயிலேயே கண்டெடுத்தது.

பெயர் வந்தது, குறி வேண்டுமே! விலைச்சீட்டிலும் கணக்கேட்டிலும் முழுச் சொல்லை எத்தனை முறை எழுதுவது? டாலருக்கு ஒரு கோடிட்ட எழுத்துண்டு, பவுனுக்கு ஒன்றுண்டு, யென்னுக்கு ஒன்றுண்டு. ஆர்மீனியரும் தம் பணத்திற்கு ஒரு குறி வகுத்தனர். அதனை வடிவமைத்தவராக அறியப்படுபவர் கரேன் கொமெந்தாரியன். அவர் உரோமன் எழுத்தைத் தேடிப் போகவில்லை. மாசுதோத்சு வகுத்த நெடுங்கணக்கின் நான்காம் எழுத்து 'தா'. திராம் என்னும் சொல்லின் முதலெழுத்தும் அதுவே. அவ்வெழுத்தின் பெரிய வடிவத்தின் குறுக்கே இரண்டு படுக்கைக் கோடுகள் இட்டால் திராம் குறி ஆகிவிடும். ஆயிரத்து அறுநூறு ஆண்டுப் பழமையுடைய எழுத்தின்மேல் புதிய அரசின் இரண்டு கோடுகள்! பழமையைத் துறவாமல் புதுமையைப் பெறுவது எவ்வாறு என்பதற்கு இதனினும் எளிய விளக்கம் வேண்டுவதில்லை.

தாளில் கையால் எழுதும் வரையில் இதற்கு ஒருவருடைய ஒப்புதலும் தேவையில்லை. எழுதுகோல் எவன் கையில் உள்ளதோ அவன் விரும்பியதை எழுதலாம். கணிப்பொறி வந்தபின் நிலைமை வேறாயிற்று. கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு என முன்னரே உலகினர் உடன்பட்டிருந்தாலன்றி, ஒருவர் தம் பொறியில் எழுதியதை மற்றொருவர் தம் பொறியில் படிக்க முடியாது. அவ்வாறு எண் வகுத்தலே குறியேற்றம் எனப்படுகிறது. எண் இல்லாத எழுத்து, கணிப்பொறியைப் பொறுத்தவரை பிறவாத எழுத்தே.

தொடக்கத்தில் ஆர்மீனியர் தமக்கென ஒரு குறியேற்றம் அமைத்துக்கொண்டனர். 'ஆர்ம்சுக்கி' எனப்பட்ட அம்முறையில் மொத்தம் 256 இடங்கள். முற்பாதி உரோமன் எழுத்துக்கு, பிற்பாதி ஆர்மீனிய எழுத்துக்கு. தம் நாட்டிற்குள் அது பயன்பட்டது. ஆனால் அவ்வெழுத்துரு இல்லாத அயல்நாட்டுப் பொறியில் அதே மடல் பொருளற்ற கிறுக்கலாகத் தோன்றும். ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்டது இன்னோர் எழுத்துருவில் திறவாத அந்நாள் துன்பத்தைத் தமிழரும் பட்டறிந்தவரே.

இத்துன்பத்தை ஒழிக்க எழுந்ததுதான் யூனிகோடு எனப்படும் ஒருங்குறி. உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளுக்கும் ஒரே எண்பட்டியல் என்பது அதன் கோட்பாடு. 1991-ஆம் ஆண்டு வெளிவந்த முதற் பதிப்பிலேயே ஆர்மீனிய எழுத்துக்குத் தனித்தொகுதி அமைந்தது. அத்தொகுதியில் 96 கட்டங்கள். பெரிய எழுத்துகளும் சிறிய எழுத்துகளும் ஆர்மீனியருக்கே உரிய நிறுத்தக் குறிகளும் அங்கு இடம் பெற்றன. அவர்களின் வினாக்குறி உரோமன் வினாக்குறி போலச் சொற்றொடரின் இறுதியில் வாராது. வினாச்சொல்லின் உயிரெழுத்தின் தலைமேல் ஏறி நிற்கும். அதற்கும் ஒரு கட்டம் உண்டு. திராம் குறிக்கு மட்டும் இல்லை. அப்பொழுது திராமே பிறந்திருக்கவில்லையாதலின் அதில் குற்றம் காண இயலாது.

குற்றம் காண வேண்டியது பின்னர் ஓடிய காலத்தையே. 1993-இல் திராம் வந்தது. அதன் குறி ஒருங்குறியில் ஏறியது 2012 சனவரியில் வெளிவந்த 6.1-ஆம் பதிப்பில். இடையில் பதினெட்டு ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து வாக்குரிமை பெறும் அளவுக்குக் காலம் ஓடிவிட்டது. அக்காலமெல்லாம் ஆர்மீனிய வணிகர் கையால் எழுதிய குறியைக் கணிப்பொறி ஏற்கவில்லை. 'தா'வும் 'ரெ'யும் சேர்த்துப் புள்ளியிட்ட சுருக்கத்தை எழுதினர். அல்லது ஏ, எம், டி என்னும் மூன்று உரோமன் எழுத்துகளை எழுதினர். அம்மூன்றெழுத்து உலக வைப்பகங்களுக்கிடையே பணப் பெயர்களைக் குறிக்கும் பொதுமுறை. அயல்நாட்டு வணிகத்திற்கு அது வேண்டியதே. ஆனால் எரேவான் நகரத்து ஆர்மீனியன் ஒருவன் எரேவான் நகரத்து ஆர்மீனியனிடம் ஒரு கட்டு உரொட்டியை விற்பதற்கு உரோமன் எழுத்து எதற்கு?

பதினெட்டு ஆண்டு என்பது நீளமா குறுக்கமா என ஐயுறுவோர் ஏனைய நாடுகளின் பணக்குறிகளை ஒப்பிட்டு நோக்குக. இந்திய நடுவணரசு உருபாவுக்குரிய புதிய குறியை ஏற்றது 2010 சூலை 15. அக்குறி ஒருங்குறியில் இடம் பெற்றது அதே ஆண்டு அக்தோபரில், மூன்றே திங்களில். துருக்கி தன் இலீராவின் குறியை அறிவித்தது 2012 மார்ச்சு முதல் நாள். அதே ஆண்டு செப்தம்பரில் ஒருங்குறியின் 6.2-ஆம் பதிப்பு வெளிவந்தது. அப்பதிப்பில் புதிதாகச் சேர்ந்த எழுத்து ஒன்றே ஒன்று. அது அந்த இலீராக் குறி. ஒரு குறிக்கென்றே ஒரு பதிப்பு! பெரிய சந்தையும் பெரிய அரசும் பின்னின்று தள்ளினால் எண்பட்டியலின் கதவு எத்துணை விரைவில் திறக்கும் என்பதற்கு இவை சான்று.

ஆயினும் மற்றொரு பக்கத்தையும் மறைத்தல் ஆகாது. சோவியத்துச் சிறையிலிருந்து வெளிவந்த நாடுகளின் பணக்குறிகளை வரிசைப்படுத்தினால் உக்கிரைனின் இரிவ்னியா 2005-இலும், கசக்கசுத்தானின் தெங்கே 2009-இலும், ஆர்மீனியத் திராம் 2012-இலும் ஒருங்குறியில் ஏறின. உருசிய உரூபிளின் குறியும் அசர்பைசானின் மனாத்துக் குறியும் 2014-இல் ஏறின. சியார்சியாவின் இலாரிக் குறி 2015-இல் ஏறியது. நூற்றாண்டுப் பழமை பேசிய உரூபிளுக்கு முன்னே, அதன் தாளில் ஓரத்துச் சிறுவரியாய்க் கிடந்த மொழியின் குறி போய் அமர்ந்துவிட்டது. உருசிய நடுவண் வைப்பகம் தன் குறியை முடிவு செய்ததே 2013 திசம்பரில்தான் என்பது உண்மை. முடிவு செய்த மறு ஆண்டே அது இடம் பெற்றது என்பதும் உண்மை. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் ஒன்று விளங்கும். வலியவன் கேட்ட அன்றே பெறுகிறான். எளியவன் இடைவிடாது கேட்டால் பெறுகிறான். கேளாதவன் வலியவனாயினும் எளியவனாயினும் பெறுவதில்லை.

திராம் பெற்ற இடமும் எண்ணத்தக்கது. ஒருங்குறியில் பணக்குறிகளுக்கெனவே ஒரு பொதுத்தொகுதி உண்டு. யூரோவும் புதிய உருபாக் குறியும் இலீராவும் உரூபிளும் இலாரியும் அங்கேதான் உள்ளன. திராம் அங்குப் போகவில்லை. ஆர்மீனியத் தொகுதியின் 96 கட்டங்களில் கடைசிக் கட்டத்தில் அமர்ந்தது. தன் நெடுங்கணக்கு எங்கு உள்ளதோ அங்கேயே, தன் எழுத்துகளின் வரிசையில் காவலன் போல ஈற்றில் நிற்கிறது. சொந்த வீட்டில் இருப்பதால் அதன் தகுதி குறைந்துவிடவில்லை. இஃது எழுத்தன்று, பணக்குறி என்னும் குறிப்பும் அக்கட்டத்தோடு சேர்த்தே பதிவு செய்யப்பட்டுள்ளது. தாய்லாந்தின் பாத்துக் குறி தாய் எழுத்துத் தொகுதியிலும், கம்போடியாவின் இரியல் குறி கெமர் எழுத்துத் தொகுதியிலும் இவ்வாறே உள்ளன.

அக்கடைசிக் கட்டத்தின் எண் என்ன? பதின்ம முறையில் 1423. கணிப்பொறியாளர் இதனைப் பதினாறை அடியாகக் கொண்ட முறையில் எழுதுவர். அம்முறையில் ஒன்பதுக்கு மேல் பத்து முதல் பதினைந்து வரையுள்ள எண்களைக் குறிக்க ஆறு உரோமன் எழுத்துகள் வரும். 'எஃப்' என்றால் பதினைந்து. திராமின் எண் 058எஃப். ஐந்து இருநூற்றைம்பத்தாறு 1280, எட்டுப் பதினாறு 128, அவற்றோடு 15, கூட்டினால் 1423. கோப்பில் சேமிக்கும்பொழுது இன்று பெருவழக்காயுள்ள முறைப்படி இவ்வெண் 214, 143 என்னும் இரண்டு பைட்டுகளாகப் பிரிந்து அமரும். படிக்கும் பொறி அவ்விரண்டையும் சேர்த்து மீண்டும் 1423 ஆக்கி, அவ்வெண்ணுக்குரிய வடிவத்தை எழுத்துருவில் தேடித் திரையில் வரையும்.

இங்குதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. எண் கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிட்டதாகப் பலர் மகிழ்ந்து அடங்கிவிடுகின்றனர். ஒரு குறி கணிப்பொறியில் உயிர்வாழ மூன்று வேண்டும். முதலாவது எண், இரண்டாவது வடிவம், மூன்றாவது விசை. எண் இருந்தும் எழுத்துருவில் வடிவம் இல்லையேல் குறி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுக்கட்டம் தோன்றும். 2012-க்கு முன் செய்யப்பட்ட ஆர்மீனிய எழுத்துருக்கள் எத்துணை அழகுடையனவாயினும் அக்கடைசிக் கட்டம் அவற்றில் வெறுமையே. எழுத்துருவைச் செய்தவர் மீண்டும் அமர்ந்து 'தா'வின் மேல் இரண்டு கோடு வரைந்து சேர்த்தாலன்றி அவ்வெறுமை நீங்காது. பொறியில் பழைய எழுத்துரு இருக்கும் வரை, அனுப்பியவர் எழுதிய விலை பெறுபவர் கண்ணுக்கு வெற்றுக்கட்டமாகவே படும்.

எண்ணும் வடிவமும் இருந்தும் விசை இல்லையேல் என் செய்வது? வழிகள் உண்டு. மைக்குரோசாப்டு நிறுவனத்தின் வேர்டு செயலியில் 058எஃப் என அடித்து, ஆல்ட்டு விசையோடு எக்சு விசையைச் சேர்த்து அழுத்தினால் அவ்வெண் குறியாக மாறும். இலினக்சுப் பொறிகள் பலவற்றில் கண்ட்ரோல், சிப்ட்டு, யூ ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்திப் பின்னர் அவ்வெண்ணை அடிக்க வேண்டும். மெக்கிண்டாசுப் பொறியில் எண்வழி உள்ளீட்டு முறையைத் தேர்ந்துகொண்டு, ஆப்சன் விசையை அழுத்தியவாறே அவ்வெண்ணை அடிக்க வேண்டும். இவையும் இயலாதவர் குறிப்பட்டியலைத் திறந்து, ஆயிரக்கணக்கான வடிவங்களுக்கிடையே தேடிப் பொறுக்கி ஒட்ட வேண்டும்.

இவற்றையெல்லாம் வழி என்று சொல்லலாம். வழக்கு என்று சொல்ல முடியாது. காய்கறிக் கடையில் விலைப்பலகை எழுதும் கிழவனுக்குப் பதினாறடி எண்முறை எதற்கு? தன் பணத்தின் குறியை எழுத நான்கிலக்க மந்தணம் ஒன்றை மனப்பாடம் செய்ய வேண்டுமென்றால், அவன் ஏ-எம்-டி என்றே அடித்துவிட்டுப் போவான். அவனைக் குறை கூறுவதில் பொருளில்லை. ஒரு குறியை எழுத ஒரு விசையோ இரண்டு விசையோ போதுமானால் மக்கள் எழுதுவர். ஐந்தாறு வேண்டுமானால் அறிஞர் எழுதுவர். அதற்கு மேலானால் ஒருவரும் எழுதார்.

விசைப்பலகையில் ஓரிடம் ஒதுக்கிவிட்டால் ஆயிற்று என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அங்கும் ஓர் இடுக்கண் உண்டு. விசைப்பலகை உரோமன் எழுத்து இருபத்தாறுக்கென அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆர்மீனிய எழுத்தோ முப்பத்தெட்டு. பெரிதும் சிறிதுமாக இரட்டித்தால் எழுபத்தாறு. இருபத்தாறு விசைகளில் அடங்காத எழுத்துகள் எண் வரிசையிலும் நிறுத்தக் குறிகளின் விசைகளிலும் போய் ஒண்டுகின்றன. ஒண்டுக் குடித்தனத்தில் ஏற்கெனவே நெருக்கடி. இந்நிலையில் புதிதாக வந்த பணக்குறிக்கு யார் இடம் விடுவது? போதாக்குறைக்கு ஒலிப்பு முறை, தட்டச்சுப்பொறி முறை, கிழக்கார்மீனிய முறை, மேற்கார்மீனிய முறை எனப் பலகை அமைப்புகள் பல. அரசும் வைப்பகமும் பள்ளியும் ஒன்றுகூடி, எந்தப் பலகையாயினும் திராம் இன்ன விசையில் என உறுதி செய்து, அதனையே எங்கும் வழங்கினாலன்றி இச்சிக்கல் தீராது. இது பொறியியல் வல்லுநர் மட்டும் தீர்க்கும் சிக்கலன்று. மக்கள் விரும்பித் தீர்க்க வேண்டிய சிக்கல்.

ஆர்மீனியரின் விடாமுயற்சிக்கு இன்னொரு சான்றும் உண்டு. சுழன்று விரியும் இதழ்களையுடைய 'என்றுமுள்ளமை'க் குறி அவர்தம் பழங்கற்களிலும் கோயிற் சுவர்களிலும் காணப்படுவது. ஆர்ம்சுக்கி முறையில் அதற்கு ஆர்மீனியப் பகுதியின் தொடக்கத்திலேயே இடம் தந்திருந்தனர். ஒருங்குறி வந்தபொழுது அக்குறி விடுபட்டது. தம் நாட்டு முறையில் இருந்த ஒன்று உலக முறையில் இல்லாமற் போயிற்று. அவர்கள் அதனை விட்டுவிடவில்லை. 2014-இல் வலப்பக்கம் சுழல்வது ஒன்றும் இடப்பக்கம் சுழல்வது ஒன்றுமாக இரண்டு வடிவங்களும் திராமுக்கு முந்திய இரண்டு கட்டங்களில் ஏறின. தொகுதியின் ஈற்றில் இன்று இரண்டு சுழற்குறிகளும் ஒரு காசுக்குறியும் அடுத்தடுத்து நிற்கின்றன. கேட்டுப் பெற்ற மூன்று கட்டங்கள் அவை.

இச்செய்தியைப் படிக்கும் தமிழர் நெஞ்சில் ஒரு வினா எழாமற் போகாது. தமிழுக்கு அவ்வாறு ஒரு பணக்குறி உண்டா? உண்டு. ஒருங்குறியின் தமிழ்த் தொகுதியில் ௹ என்னும் குறி 2003-ஆம் ஆண்டு 4.0-ஆம் பதிப்பிலேயே இடம் பெற்றுவிட்டது. திராமுக்கு ஒன்பது ஆண்டு முன்பு. இந்திய நடுவணரசின் உருபாக் குறிக்கு ஏழாண்டு முன்பு. அதனோடு நாள், திங்கள், ஆண்டு, பற்று, வரவு, மேற்படி, எண் ஆகியவற்றுக்குத் தமிழ்க் கணக்கர் வழிவழியாக எழுதிவந்த குறிகளும் ஏறின. அவற்றுக்கும் பணக்குறி என்னும் தகுதி வரையறுக்கப்பட்டதோ என்றால், ௹ ஒன்றுக்கு அத்தகுதி திராமுக்கு உள்ளவாறே உண்டு.

அக்குறியை எழுதுவோர் எத்தனை பேர்? பாட்டன் ஓலையிலும் பேரேட்டிலும் எழுதிய குறியைப் பேரன் அடையாளம் காணவும் அறியான். 2025 மார்ச்சில் தமிழ்நாட்டரசு தன் வரவு செலவுத் திட்ட இலச்சினையில் நடுவணரசின் குறியை நீக்கி 'ரூ' என்னும் தமிழெழுத்தை இட்டது. நாடெங்கும் அது குறித்துப் பூசல் எழுந்தது. தமிழெழுத்தை இட்டதைப் போற்றியவரும் தூற்றியவரும் மிகப் பலர். ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணிப்பொறிக்குள் தமிழ்த் தொகுதியிலேயே ௹ என ஒன்று காத்துக் கிடக்கிறது என்பதை நினைவுகூர்ந்தவர் மிகச் சிலர். ஆர்மீனியர் இல்லாத இடத்தைப் பதினெட்டு ஆண்டு கழித்துப் பெற்றனர். தமிழர் பெற்ற இடத்தை இருபதாண்டுக்கும் மேலாகப் பூட்டி வைத்துள்ளனர். இவ்விரண்டில் எது இரங்கத்தக்கது?

பிறர் மறுத்தது பாதி; தாமே மறந்தது பாதி என்பதே சிறுபான்மையாக்கப்பட்ட எல்லா மொழிகளின் கதையுமாகும். பிறர் மறுத்ததற்குப் போராட வேண்டும். தாம் மறந்ததற்குப் போராட எவரைத் தேடுவது? தமிழ்க் கடைக்காரர் ஒருவர் தம் விலைச்சீட்டில் ௹ என்று இட எந்தச் சட்டமும் தடையில்லை. தமிழாசிரியர் ஒருவர் தம் மாணவர்க்கு எட்டுக் கணக்குக் குறிகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்ட எந்த ஆணையும் தேவையில்லை. எழுத்துரு செய்யும் இளைஞர் அவ்வெட்டுக் கட்டங்களையும் வெறுமையாக விடாதிருக்க எவர் ஒப்புதலும் வேண்டா. விசைப்பலகை வகுப்போர் ௹ குறிக்கு எளிய விசையொன்று தந்தால் எஞ்சியதை மக்கள் கை பார்த்துக்கொள்ளும்.

திராம் குறியின் கதை ஆர்மீனியருக்கும் இன்னும் முடிந்துவிடவில்லை. கடைசிக் கட்டத்தில் அது அமர்ந்துவிட்டது. ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு கைப்பேசியிலும் ஏ-எம்-டியைப் பின்தள்ளி அது எழுந்து நிற்க வேண்டும். அதனை வென்று தரப்போவது எண்பட்டியல் அன்று. அக்குறியை ஒவ்வொரு நாளும் அடிக்கும் விரல்களே. தமிழர்க்கும் இதுவே முடிபு. பட்டியலில் ஏறிய குறி உரிமை பெற்ற குறி; பயன்பாட்டில் ஏறிய குறியே உயிர் பெற்ற குறி. உரிமையை உலகம் தந்துவிட்டது. உயிரைத் தமிழர் தர வேண்டும். இன்றே, அடுத்து எழுதும் கணக்கிலேயே, ௹ எழுதப்பெறுக!